பச்சிளங்குழந்தை பற்றிய மருத்துவ ஆய்வுக் கட்டுரை: எழுதுவது எப்படி, அனுப்புவது எப்படி?



தலைப்பைப் பார்த்ததும், "இது டாக்டர்மாருக்கு உள்ள வேலையாச்சே, நமக்கு இதுல என்ன?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜொகூர் மருத்துவமனைகளிலும் கிளினிக் கெசிஹாத்தான்களிலும் நம்மிடம் படித்த பிள்ளைகள் தாதியராகவும் மருத்துவராகவும் வேலை செய்கிறார்கள். ஆய்வு செய்து எழுத வேண்டிய கட்டம் அவர்களுக்கு வருகிறது. இரண்டாவது, ஆசிரியர்கள் எழுதும் செயலாய்வுக்கும் மாணவர்கள் செய்யும் பாடவேலைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். மருத்துவக் கட்டுரையில் அது இன்னும் கறாராக இருக்கும். அதனால் கற்றுக்கொள்ள வசதியானது. மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பிள்ளை பெற்ற ஒரு தமிழ்த்தாய் கையெழுத்துப் போடுகிற ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதித்தர யாரைத் தேடுவார்கள்? நம்மைத்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஒரு நல்ல கட்டுரையைப் பிரித்துப் பார்ப்போம்

பிறந்ததிலிருந்து 28 நாள்வரை உள்ள குழந்தையைத்தான் மருத்துவத்தில் பச்சிளங்குழந்தை என்கிறார்கள். அந்தப் பருவத்தைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்தே வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. மதுரை அரவிந்த் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா முதலாசிரியராக இருந்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியது. 2003ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 327ஆம் தொகுதியில் வெளியானது.

அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: பச்சிளங்குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பதால் தொடக்கக் குழந்தைப்பருவ இறப்பில் ஏற்படும் தாக்கம்: தென்னிந்தியாவில் சமூக அளவில் நடந்த குலுக்கல்முறை ஆய்வு.

நீளமான தலைப்புதான். ஆனால் ஒரு சொல்லும் வீண் இல்லை, பாருங்கள். யாருக்குக் கொடுத்தார்கள்? பச்சிளங்குழந்தைகளுக்கு. எதை? வைட்டமின் ஏ. எதை அளந்தார்கள்? இறப்பை. எங்கே? தென்னிந்தியாவில். எப்படி? சமூக அளவில், குலுக்கல் முறையில். "உயிர் காக்கும் அமுதத்துளி" என்று தலைப்பு வைத்திருந்தால் நமக்கு இனிக்கும். மருத்துவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

உடம்பைப் பார்ப்போம். மருத்துவக் கட்டுரைக்கு நான்கு உறுப்புகள்.

1. முன்னுரை: ஏன் இந்த ஆய்வு? இதே குழு 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற சிறு பிள்ளைகளிடையே இறப்பு 54% குறைந்திருந்தது. 1996இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகரிலிருந்து வந்த ஆய்வு, பிறந்தவுடனே கொடுத்தாலும் பலன் இருக்கலாம் என்று காட்டியது. ஆனால் அது சுமார் 2,000 குழந்தைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. அப்படியென்றால் விடை தெரியாத கேள்வி எது? கிராமப்புறத்தில், பெரிய எண்ணிக்கையில் செய்தால் அதே பலன் கிடைக்குமா என்பது. தெரிந்தது இது, தெரியாதது இது, அதனால் இதைச் செய்தோம். முன்னுரை அவ்வளவுதான்.

2. வழிமுறை: என்ன செய்தோம்? தமிழ்நாட்டின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குப் பிறந்த முதல் நாளும் இரண்டாம் நாளும் 24,000 யூனிட் வைட்டமின் ஏ சொட்டு. மறு பிரிவுக்கு அந்த மருந்து இல்லாத சொட்டு. எந்தக் குழந்தைக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. ஆறு மாத வயதுவரை கவனித்தார்கள்.

3. முடிவுகள்: என்ன கண்டோம்? வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 22% குறைவு. நம்பக இடைவெளி 4% முதல் 37% வரை. கொடுத்த இரண்டு வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில்தான் அந்தப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு கூடுதல் பலன் இல்லை.

4. கலந்துரையாடல்: அதற்கு என்ன பொருள்? முந்தைய ஆய்வுகளோடு ஒப்பீடு, ஆய்வின் குறைகள், அடுத்து என்ன செய்யலாம் என்பவை இங்கே வரும்.

மூன்றாவது உறுப்பிலுள்ள கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கூடுதல் பலன் இல்லை என்பதை அவர்களே எழுதிவிட்டார்கள். மறைத்திருந்தால் கட்டுரை இன்னும் பளபளப்பாக இருந்திருக்கும். மறைக்கவில்லை.

"4 முதல் 37 வரை" என்றால் என்ன?

மாணவர்களே, இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். 22% என்பது அந்த ஆய்வின் நடு மதிப்பீடு. ஆனால் 11,619 குழந்தைகளை வைத்து உலகத்துக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. கிடைத்த தரவுகளோடு ஒத்துப்போகும் பலன் மிகக் குறைவாக 4% ஆகவும் இருக்கலாம், மிக அதிகமாக 37% ஆகவும் இருக்கலாம் என்பதைத்தான் அந்த இடைவெளி சொல்கிறது. அதற்குள் 0 வரவில்லை. அதனால் பலன் உண்டு என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் கீழ் எல்லை 4 தான். ரொம்ப மெலிந்த எல்லை. "22% குறைந்தது" என்று மட்டும் எழுதி இடைவெளியை விட்டுவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும்.

அதற்குப் பிறகு நடந்தது

மதுரைக் கட்டுரையைப் படித்த உலகம் உடனே எல்லாக் குழந்தைக்கும் சொட்டு கொடுக்கத் தொடங்கிவிடவில்லை. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் வந்தன. பங்களாதேஷில் பலன் தெரிந்தது. கினி-பிசாவிலும் ஜிம்பாப்வேயிலும் தெரியவில்லை. முடிவுகள் இப்படி முரண்பட்டதால், பச்சிளங்குழந்தைகளுக்கு இதைப் பொதுத்திட்டமாகப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்தது. பிறகு இந்தியாவின் ஹரியானா, கானா, தான்சானியா ஆகிய மூன்று இடங்களில், மொத்தம் ஏறத்தாழ 1 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் 2015இல் லான்செட் இதழில் வந்தன. கானாவிலும் தான்சானியாவிலும் பலன் இல்லை. ஹரியானாவில் இறப்பு சற்றுக் குறைந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அப்படின்னா மதுரை ஆய்வு தப்பா? இல்லை. தாய்மாருக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை அதிகமுள்ள ஊரில் ஒரு பலனும் அது குறைவாக உள்ள ஊரில் வேறு பலனும் வரலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. நமக்கு இங்கே வேண்டிய பாடம் வேறு. எவ்வளவு கொடுத்தோம், எந்த நாளில் கொடுத்தோம், எப்படிப் பிரித்தோம், எதுவரை கவனித்தோம் என்று மதுரைக் குழு தெளிவாக எழுதியிருந்ததால்தான் மற்றவர்கள் அதை இன்னோர் ஊரில் செய்து பார்க்க முடிந்தது. இன்னொருவர் செய்து பார்க்கும்படி எழுதுவதுதான் மருத்துவக் கட்டுரையின் முதல் கடமை. பின்னால் நிற்பது குழந்தைகளின் உயிர், அதனால்தான் இத்தனை கறார்.

ஜொகூரில் ஒருவர் எழுதுவதானால்: படிப்படியாக

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவில் ஒரு தாதிக்கு இப்படி ஒரு சந்தேகம்: மஞ்சள் காமாலை உள்ள குழந்தையை எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் தாய்க்குச் சொல்கிறோமே, அது அவருக்கு விளங்குகிறதா?

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள். "மஞ்சள் காமாலை பற்றிய விழிப்புணர்வு" என்பது கேள்வி இல்லை, அது ஒரு கடல். "வீடு திரும்பும் நாளில், உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகளில் எத்தனையைத் தாய் சொல்கிறார்?" என்பது கேள்வி, இதற்கு விடையை எண்ணிச் சொல்ல முடியும்.

இந்த மாதிரிக் கேள்விகள் வார்டில்தான் பிறக்கும். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற தாதி குறைமாதக் குழந்தைகளை வெயில்படும் இடத்துக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததைக் காட்டினார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த ஒளிச் சிகிச்சைக் கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைப்பதன் தொடக்கம் அங்கேதான். (வீட்டில் வெயிலில் காட்டினால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைக்கு நீர்ச்சத்து குறையும், தோலும் சுடும். மஞ்சள் தெரிந்தால் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.)

படி 2: அனுமதி முதலில், தரவு பிறகு. மலேசிய சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக்குகளில் செய்யும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அமைச்சின் ஆய்வு, நன்னெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். முதலில் தாய்மாரைக் கேட்டுவிட்டு, "அனுமதியை அப்புறம் வாங்கிக்கலாம்" என்பது நடக்காது. ஒப்புதலுக்கு முன் சேர்த்த தரவை நல்ல இதழ் ஏற்காது. புது மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் அதைப் பதிந்திருக்க வேண்டும். 2005 முதல் முன்னணி இதழ்கள் வைத்திருக்கும் விதி இது.

படி 3: எழுதும் வரிசை வேறு, படிக்கும் வரிசை வேறு. வழிமுறையை முதலில் எழுதுங்கள். அது நடந்து முடிந்த வேலை, கை ஓடும். அடுத்து முடிவுகள், அட்டவணைகள். அதன்பின் கலந்துரையாடல், முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசியில். பலர் அந்தச் சுருக்கத்தை மட்டும்தான் படிப்பார்கள். ஆகவே உடம்பில் இல்லாத ஓர் எண்கூட அதில் வரக்கூடாது.

படி 4: யார் ஆசிரியர்? பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு நிபந்தனை சொல்கிறது. ஆய்வின் வடிவத்திலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு. இறுதிப் படிக்கு ஒப்புதல். முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும் தப்பு, உழைத்தவர் பெயரை விடுவதும் தப்பு. 1958 கட்டுரையின் ஆசிரியர்கள் மூவர். அவர்களுள் ஜீன் வார்ட் இல்லை. இன்றைய விதிப்படி, ஆசிரியர் ஆகும் அளவு பங்கு இல்லாதவரை நன்றியுரையில் குறிப்பிட வேண்டும்.

படி 5: எந்த இதழ்? மலேசிய மருத்துவச் சங்கம் நடத்தும் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியாவின் வேர் 1890ஆம் ஆண்டுவரை போகிறது. மலேசியக் குழந்தை மருத்துவச் சங்கத்துக்கும் தனி இதழ் உண்டு. இதழின் ஆசிரியர் குறிப்புகளைத் திறந்து சொல் எண்ணிக்கை, அட்டவணை எண்ணிக்கை, மேற்கோள் முறை மூன்றையும் பாருங்கள். பல மருத்துவ இதழ்கள் வான்கூவர் முறையைப் பின்பற்றும். அதில் மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என எண் பெறும். "மூணே நாளில் வெளியிடுவோம், காசு மட்டும் கட்டுங்க" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களிடம் கவனம். மதிப்பீடு செய்யாமல் வெளியிடுகிற கடைகள் அவை.

படி 6: அனுப்புதல். ஒரே நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். கூடவே முகப்புக் கடிதம்: என்ன கண்டோம், உங்கள் வாசகருக்கு ஏன் பயன்படும், வேறெங்கும் வெளிவரவில்லை. அரைப் பக்கம் போதும். சுகாதார அமைச்சில் பணிபுரிபவர் என்றால் கட்டுரையை வெளியிடச் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதி வேண்டும். மலேசியக் கட்டுரைகளின் நன்றியுரையில் அவருக்கு நன்றி வரி தவறாமல் வருவது அதனால்தான். குழந்தையின் படம் வைத்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும் என்பது பழைய எண்ணம். அது அடையாளத்தை மறைக்காது என்று இதழாசிரியர் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

படி 7: பதில் வந்தபின். கட்டுரையை அதே துறை அறிந்த மதிப்பீட்டாளர்கள் படித்துக் குறை சொல்வார்கள். "திருத்தி அனுப்புங்கள்" என்று வந்தால் மனம் தளர வேண்டாம்; அது நல்ல செய்தி. ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டு, கீழே பதில் எழுதி, எந்தப் பக்கத்தில் திருத்தினோம் என்று காட்டுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தைப் பணிவாகச் சொல்லலாம். நிராகரித்தால், குறைகளைச் சரிசெய்து அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.

தமிழாசிரியருக்கு இங்கே உள்ள இடம்

கட்டுரை ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் ஆய்வில் சேரும் தாய் ஆங்கிலத்தில் யோசிப்பதில்லை. பச்சிளங்குழந்தை தனக்காகப் பேச முடியாது; பெற்றோர்தான் ஒப்புதல் தர வேண்டும். அவருக்கு விளங்கும் மொழியில் விவரத்தாள் இல்லையென்றால், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை.

இங்கே சொல் தேர்வு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். மருந்தில்லாத ஒப்பீட்டுச் சொட்டை அகராதி பார்த்துப் "போலி மருந்து" என்று போட்டால், "என் பிள்ளைக்குப் போலியா கொடுக்கப் போறீங்க?" என்று தாய் பயந்துவிடுவார். "மருந்து கலக்காத, தீங்கில்லாத சொட்டு" என்றால் விளங்கும். "குலுக்கல்" என்று மட்டும் எழுதினால் சிலருக்கு நாலு நம்பர் கடைதான் ஞாபகத்துக்கு வரும். "எந்தப் பிரிவில் உங்கள் குழந்தை சேரும் என்பதை டாக்டரும் முடிவு செய்வதில்லை, நீங்களும் முடிவு செய்வதில்லை, இரண்டுக்கும் சம வாய்ப்பு" என்று விரித்தெழுதுவதே சரி. "எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது" என்ற வரியைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கக்கூடாது.

மொழிபெயர்த்ததும் வேலை முடியவில்லை. மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் தமிழைக் கொடுத்து, திரும்ப ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குப் பின்மொழிபெயர்ப்பு என்று பெயர். பிறகு நான்கைந்து தாய்மாரிடம் படிக்கச் சொல்லி, "உங்களுக்கு என்ன விளங்கிச்சு, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். வழிமுறைப் பகுதியில் இதற்கும் ஒரு வரி உண்டு. நீங்கள் செய்த மொழிபெயர்ப்பு வேலைக்கு நன்றியுரையில் உங்கள் பெயர் வருவதும் முறைதான்; கூச்சப்படாமல் கேளுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு: பயிற்சி

1. மதுரை ஆய்வின் தலைப்பிலிருந்து யாருக்கு, எதை, எங்கே, எப்படி, எதை அளக்க என்ற ஐந்து விவரங்களையும் எடுத்து எழுதுக.
2. ஓர் ஆய்வில் பலன் 15%, நம்பக இடைவெளி -3% முதல் 30% வரை என்று வைத்துக்கொள்வோம். "பலன் உறுதி" என்று முடிவு எழுதலாமா? காரணம் தருக.
3. "எங்கள் பள்ளியில் வாசிப்புப் பழக்கம்" என்ற தலைப்பை, எண்ணி விடை சொல்லக்கூடிய ஒரே கேள்வியாக மாற்றுக.
4. மேலே உள்ள படி 2ஐ 40 சொற்களுக்கு மிகாமல் சுருக்குக. "முன்", "பிறகு" என்ற காலவரிசை சிதையக்கூடாது.

இரண்டாம் கேள்விக்கு மட்டும் குறிப்பு தருகிறேன்: அந்த இடைவெளிக்குள் 0 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பலனே இல்லாமல் போகவும் இடமுண்டு. "உறுதி" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "பலன் இருக்கலாம், மேலும் ஆய்வு தேவை" என்று எழுதுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த செயலாய்வை எழுத உட்காரும்போது வழிமுறைப் பகுதியை முதலில் எழுதி, பக்கத்துப் பள்ளி நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். "இதை வைத்து உங்க வகுப்பில் இதே மாதிரி செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் "இது எவ்வளவு நேரம்? எத்தனை பேர்?" என்று திரும்பக் கேட்கிறாரோ, அந்த இடத்தைத்தான் இன்னும் திருத்த வேண்டும்.